குளியலறையில் விழுந்த பதினோரு பேர்

அந்த மருத்துவமனையின் நடைவழியில் ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அதில் ஏழு பேர், தரையில் நான்கு பேர், ஆக மொத்தம் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். சிலருக்குக் கை, சிலருக்குத் தலை, மற்றவர்களுக்குக் கால். எனக்கு இடது முழங்கால். துணியில் கட்டிய பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

டாக்டர் அறைக்குக் கதவு இருந்தும் அது சாத்தாத கதவு. உள்ளே நடக்கும் கேள்வி பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கேள்வி ஒன்றுதான். "எப்படி அடிபட்டது?" பதிலும் ஒன்றுதான். "பாத்ரூமுல வழுக்கி வுழுந்துட்டன் சார்."

ஒருவர் பின் ஒருவராகப் போய் எல்லோரும் அதையே சொன்னார்கள். நான் ஒன்பதாவது ஆள். என் பதிலைக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நீங்களுமா?"

"ஆமாங்க சார்."

"இந்த ஊர்ல மொத்தம் எத்தனை வீட்ல பாத்ரூம் இருக்கு? ஒரு கணக்கு சொல்லுங்க பாப்போம்."

என் வீட்டில் இல்லை. கிணற்றடியில் நான்கு கீற்றை நட்டு மறைத்திருந்தோம், அவ்வளவுதான். ஒரு ஆள் வழுக்கி விழுவதற்கு அங்கே இடம் போதாது. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டு பொய்யில் உறுதியாக நின்றேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உறுதியாக நின்ற விஷயங்கள் குறைவு. அந்த உறுதிக்கு விலையாக ஏழு வாரங்களும் தொடைச் சதையில் பாதியும் போயின. வேறு ஒன்றும் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதே மாதிரி ஒரு பெஞ்சில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. கோபப்பட வரும். கையிருப்பு நிறைய இருப்பதால் உங்களுக்கும் கொஞ்சம் தரலாம் என்று பார்க்கிறேன்.

எனக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று. சுகாதார இலாகாவில் மலேரியாப் பணியாளன். வீடு கள்ளக்குறிச்சியில், வேலை கல்வராயன் மலையில். வாரத்தில் ஐந்து நாள் மலையேறி, ஊர் ஊராக, வீடு வீடாக நடந்து, காய்ச்சல் கண்டவர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தடவிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாதத்துக்கு ஒன்றாகக் கட்டம் போட்டிருக்கும். வந்த தேதியையும் என் பெயரின் முதல் எழுத்தையும் அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டுத் திரும்ப வேண்டும். மலை மக்கள் எனக்கு வைத்திருந்த பெயர் 'ரத்தம் குத்தறவரு'.

அவர்கள் என்னிடம் பொய் சொல்வார்கள். போர்வைக்குள் பல் கிட்டிக்கொண்டிருக்கும், "காய்ச்சலா? அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்பார்கள். ஊசிக்குப் பயம், மாத்திரையின் கசப்புக்குப் பயம். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, மருந்துக்காரனிடம் உண்மையைச் சொல்லாதவன் எப்படி உருப்படுவான் என்று பத்து நிமிடம் பேசுவேன். நன்றாகவே பேசுவேன். அந்தப் பேச்சை எனக்கு நானே ஒருமுறை பேசிக்காட்டியிருக்கலாம்.

புரட்டாசியில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. நான் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அடிவாரத்தில் பஸ் இல்லை. கடையில் போட்டுவைத்திருந்த என் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கள்ளக்குறிச்சிச் சாலையில் இரண்டு பக்கமும் நின்றிருந்த புளியமரங்கள் இப்போது குறுக்கே கிடந்தன. கோரிக்கையின் நியாயத்தை இங்கே எழுதப் போவதில்லை. அதை ஆரம்பித்தால் முழங்காலுக்கு இடம் இருக்காது. புளியமரங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு மரங்களை ஏறி இறங்கினேன். ஏழாவதில் ஏறியாயிற்று. இறங்கும்போது இடது காலைத் தரையில் வைத்தேன். கீழே ஈரப் புளிய இலை. கால் சறுக்கியது, முழங்கால் மடங்கியது, நான் விழாமல் இருக்கப் பார்த்தேன். அதுதான் தப்பு. பேசாமல் விழுந்திருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். மடங்கும் காலை நிமிர்த்தி நிறுத்தத் தொடை தன் பலம் முழுவதையும் கொடுத்த அந்த நொடியில், ஈரக் கயிறு அறுந்த மாதிரி 'பட்' என்று ஒரு சத்தம். பிறகு நான், என்மேல் சைக்கிள்.

அடுத்த மரத்தில் மறியலுக்காக உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"யாருடா இது? நம்ம ரத்தம் குத்தறவருடா!"

"சாரு, எயிந்துக்கோங்க. இன்னா, முடியலியா?"

முடியவில்லை. இரண்டாமவருக்கு என் வயது இருக்கும். அவர் என் காலைப் பார்த்தார், சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"சார், நீங்க கவுருமெண்டு ஆளு. ஆஸ்பத்திரில போயி மரத்துல வுழுந்தன்னு சொல்லிக்கினு இருக்காதீங்க. நீங்களும் மறியல்ல இருந்தீங்கன்னு எய்திக்குவானுங்க. வேல பூடும்."

"நான் மறியல்ல இல்லியே."

"அது எங்களுக்குத் தெரியும். பாத்ரூமுல வழுக்கி வுழுந்தன்னு சொல்லுங்க. எல்லாரும் அத்தான் சொல்றாங்க."

பிறகு என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மரம் வரும்போதெல்லாம் ஒருவர் என்னைத் தூக்குவார், மற்றவர் சைக்கிளைத் தூக்குவார். மரத்தை வெட்டிப் போட்டவர்களே என்னை மரம் மரமாகத் தூக்கிக் கடத்திய அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவர்கள் சொன்ன யோசனை மட்டும் என்னோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டது.

டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என் தோலில் போலீஸ் தடியின் தழும்பு ஏதாவது தெரிகிறதா என்றும் பார்த்தார். "எலும்புல ஒண்ணும் இல்ல. உள்காயம். வீக்கம் வத்தினா சரியாப் போயிடும்" என்றார். குரலைத் தாழ்த்தி, "யாரு கேட்டாலும் பாத்ரூம்னே எழுதியிருக்கேன். பயப்படாதீங்க" என்றும் சொன்னார்.

நல்ல மனிதர். அவர் என் பொய்யை நம்பவில்லை. அதைவிட மோசம், அதற்குப் பின்னால் இருக்கும் உண்மை தனக்குத் தெரியும் என்று நம்பினார். அந்த வாரம் அவரிடம் வந்த கால்களில் பெரும்பாலானவை அடிபட்ட கால்கள். என்னுடையது அறுந்த கால். அடி வெளியிலிருந்து வருவது; எனக்கு நேர்ந்தது உள்ளிருந்து. எப்படி விழுந்தேன் என்று சொல்லியிருந்தால், "படுத்துக்கினு காலைத் தூக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஏழு வாரம் காத்திருந்தேன்.

வீக்கம் வற்றியது. வலியும் குறைந்தது. கால்தான் வரவில்லை.

சமதரையில் நடக்க முடிந்தது. இடுப்பை ஒரு பக்கம் தூக்கி, காலைக் கட்டை மாதிரி முன்னால் வீசி, அது தரையில் பட்டதும் அவசரமாக அதன்மேல் ஏறி இறங்கிவிட வேண்டும். முழங்கால் கொஞ்சம் மடங்கினாலும் போச்சு. நாற்காலியின் கால் கழன்ற மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடுவேன். படி என்றால் தொடையைக் கையால் பிடித்து அழுத்திக்கொண்டு ஏறுவேன். ஒரு நாள் சங்கராபுரம் பஸ்சில் ஏறும்போது படியில் மடங்கி விழுந்தேன். உள்ளிருந்து ஒரு அம்மாள், "காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டான் பாரு" என்றார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை என்பதற்காக அன்றுதான் முதன்முதலாக வருந்தினேன். திட்டு வாங்கியதற்காவது ஒரு காரணம் இருந்திருக்கும்.

'எலும்புல ஒண்ணும் இல்ல.' இந்த மூன்று சொற்கள் என்னைச் சுற்றி ஊரெல்லாம் நடந்தன. நான்தான் நடக்கவில்லை. முடி வெட்டுபவர் சொன்னார். வீட்டுக்காரர் சொன்னார். விடுப்பை நீட்டிக்கக் கேட்டு அலுவலகத்துக்குப் போனபோது, என் மேலதிகாரி எக்ஸ்ரேயை வாங்கி ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து நீண்ட நேரம் ரசித்தார்.

"இவ்ளோ நல்ல எலும்ப வச்சிக்கினு லீவு கேக்கறியே, உனக்கு மனசாட்சி இருக்குதா?"

"சார், கால் நிக்க மாட்டேங்குது."

"நிக்காம எப்பிடி இங்க வந்த?"

எக்ஸ்ரே படம் பார்த்திருக்கிறீர்களா? வெள்ளையாக எலும்பு தெரியும். அதைச் சுற்றிக் கறுப்பாக ஒன்றும் இல்லாத மாதிரி தெரியும். அந்தக் கறுப்பில்தான் என் நடை, ஏற்றம், இறக்கம், பதினெட்டு வருட மலை எல்லாம் இருந்தன. அசைவது எதுவோ அது அந்தப் படத்தில் விழாது. கூத்தாடும் பொம்மையின் கட்டையை மட்டும் படம் பிடித்துவிட்டு, கயிறு அறுந்ததை விசாரிக்காமல், "கட்டை நன்றாக இருக்கிறது, ஏன் ஆட மாட்டேன் என்கிறாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இது அன்று எனக்குத் தெரியாது. அன்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்திருந்தது. நான் சோம்பேறிதானோ என்று படுத்தபடி யோசிப்பேன். படுத்திருந்து யோசித்ததால் சந்தேகம் ஊர்ஜிதமாகும்.

என் மனைவி மங்கை வேறு மாதிரி. அவளுக்கு எலும்பின் நேர்மையில் நம்பிக்கை உண்டு. "ஒண்ணும் இல்லன்னு சொன்னா இன்னாங்க, உள்ள கீறல் இருக்கும். கால் சூப்பு வச்சிக் குடிச்சா ஒட்டிக்கும்" என்றாள். வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால். ஏழாவது வாரம் அவளுக்கு உடம்பு சரியில்லாததால் நானே காலை வீசிக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். அந்தச் சூப்புக்குத்தான் என் கால் கடன்பட்டிருக்கிறது. ஆனால் அதைக் குடித்ததால் அல்ல.

கடைக்காரர் காதர் பாய் எனக்கு ஒரு வருடம் மூத்தவர். என் நடையைத் தெருமுனையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா சாரே, கால வீசிக்கினு வர்றீங்க?"

"உள்காயம் பாய். எலும்புல ஒண்ணும் இல்ல."

"எலும்பப் பத்தி யாரு கேட்டா? இப்பிடி பெஞ்சுல குந்துங்க. கால நீட்டுங்க."

"நீட்டத்தான் முடியல."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வேட்டியை ஒதுக்கினார். முட்டிச் சில்லுக்கு (முழங்காலின் முன்னால் மூடியைப் போல இருக்கும் வட்ட எலும்பு) மேலே கட்டைவிரலை வைத்தார். விரல் உள்ளே போனது. வீக்கம் இருந்த வரை தெரியாத பள்ளம். எலுமிச்சம்பழம் ஒன்று அதில் உட்காரும்.

"இங்க ஒண்ணுமே இல்லியே சாரே! எங்க போச்சி?"

"எது?"

அவர் அப்போதுதான் தோலுரித்துத் தொங்கவிட்டிருந்த ஆட்டின் பின்னங்காலைக் கழற்றிக் கட்டைமேல் போட்டார். தொடைக் கறியின் மேல்நுனியைப் பிடித்து இழுத்தார். மடங்கியிருந்த கால் விருட்டென்று நீண்டு என்னை உதைக்க வந்தது. செத்த ஆடு. நான் பின்னால் சாய்ந்தேன்.

"பாத்தீங்களா? கறி இழுக்குது. இந்த வெள்ள வாரு முட்டிச் சில்லப் புடிச்சி இழுக்குது. சில்லு கீழ இருக்கற எலும்ப இழுக்குது. கால் நீளுது. இப்ப பாருங்க."

முட்டிச் சில்லுக்கு மேலே இருந்த வெள்ளை வாரைக் கத்தியால் ஒரே கீறு. மறுபடி இழுத்தார். கறி மட்டும் அவர் கையோடு வந்தது. கால் கிடந்த இடத்தில் கிடந்தது. எலும்பில் ஒன்றும் இல்லை.

"பாய், எனக்கு ஒரு கிலோ சொல்லி எவ்ளோ நேரமாச்சி! அங்க இன்னா பாடம் நடத்திக்கினு இருக்கீங்க?" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"இரு தம்பி, ஒரு ஆளுக்குக் காலு போயிக்கினு இருக்குது" என்றார் பாய். பிறகு என்னிடம், "சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. மேல சுருங்கிக்கினே போவும். அறுத்த தொடய நீங்களே எடுத்துக்கினு போங்க, உங்களுக்காகத்தான் அறுத்தன்" என்றார்.

பதினெட்டு வருடம் சுகாதார இலாகாவில் இருந்த எனக்கு, என் காலில் என்ன நடந்தது என்பதை அரை நிமிடத்தில் காட்டியவர் அவர். வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்து, இடது காலை மடக்காமல் தூக்கிப் பார்த்தேன். தூக்கினேன் என்று சொல்வதே தப்பு. உத்தரவு போட்டேன். தொடையில் எங்கோ மேலே ஒரு சதை சுருண்டது. குதிகால் கட்டிலில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது. ஏழு வாரமாக இதை ஒருமுறைகூட நான் செய்து பார்க்கவில்லை. ஊரார் மேல் இருந்த கோபத்தில் பாதியை அன்று எனக்கு மாற்றி எழுதிக்கொண்டேன்.

பாண்டிச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் எலும்பு டாக்டர் முதலில் கேட்டது அதே கேள்விதான். "எப்படி விழுந்தீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம், இலை, சத்தம், விழாமல் இருக்க முயன்றது. இரண்டு பேர், சைக்கிள், பாத்ரூம்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே தைச்சிருக்கலாம். அஞ்சு மாசத்துல வேலைக்கே போயிருப்பீங்க" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தொடையின் முன்பக்கம் இருப்பது நாற்றலைத் தசை (நான்கு இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும் தசை). அது முட்டிச் சில்லைப் பிடித்திருக்கும் தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் வெள்ளைக் கயிறு) முழுதாக அறுந்திருந்தது. உடனே என்றால் நுனியோடு நுனி சேர்த்துத் தைத்துவிடலாம். ஏழு வாரத்தில் தசை மேலே சுருங்கிவிட்டதால், இருக்கும் நாணையே கீறி நீளமாக்கி இறக்க வேண்டும். முட்டிச் சில்லில் துளை போட்டுக் கட்ட வேண்டும். கால் முழுதாக மடங்குமா என்று உறுதி சொல்ல முடியாது. மலை ஏற முடியுமா என்று கேட்டேன். "ஏறலாம். எறங்கறதுதான் கஷ்டம்" என்றார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். என் எலும்பில் துளை போடும் சத்தத்தை நான் விழித்துக் கேட்டேன். ஒன்றும் இல்லாத எலும்பில் கடைசியாக ஏதோ நடந்தது.

தொடையிலிருந்து கணுக்கால் வரை ஆறு வாரம் மாவுக்கட்டு. படுத்திருந்த காலத்தில் உடற்கூறு நூல் ஒன்றை இரவல் வாங்கிப் படித்தேன். தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது என்று அதில் இருந்தது. நாம் எதையாவது தள்ளும்போதும் எங்கோ ஒரு தசை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. முன்தொடை இழுத்தால் கால் நீளும், பின்தொடை இழுத்தால் மடங்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கும். எலும்பு நெம்புகோல், மூட்டு அது சுழலும் இடம். முட்டிச் சில்லு கிணற்றுக் கப்பி மாதிரி. கயிறு அதன்மேல் ஓடுவதால்தான் குறைந்த பலத்தில் கூடுதல் இழுப்பு. இதைப் படித்தபோது என் இலாகாவைப் பற்றி நினைத்துக்கொண்டேன். அதற்குத் தள்ள மட்டும்தான் தெரியும். இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு.

கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கால் அல்ல. யாரோ ஒரு கிழவருடையதை மாற்றி வைத்திருந்தார்கள். தொடை, கை மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமன். பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்தார்.

"தொடைய இறுக்கித் துண்ட அமுக்குங்க சார்."

"இறுக்கிட்டேன்."

"அது பல்லு சார். நான் தொடையச் சொன்னேன்."

மறுபடி இறுக்கினேன்.

"இப்ப மூச்ச இறுக்கறீங்க."

என்னிடம் இருந்த எல்லாவற்றையும் இறுக்க முடிந்தது, தொடையைத் தவிர. தைத்தது ஒட்டியிருந்தது; ஆனால் தசை வேலையை மறந்துவிட்டது. நான்காவது நாள், துண்டின் மேல் முட்டிச் சில்லு ஒரு நெல் அளவு மேலே நகர்ந்தது. அந்தப் பெண் கைதட்டினார். நான் அழுதேன். நாற்பத்து மூன்று வயதில் ஒரு நெல் அளவு அசைந்ததற்கு அழுதவன் என்று யாராவது சிரிக்கலாம். அவர்கள் முட்டிச் சில்லு சௌகரியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

படிப்பயிற்சியில் அவர் ஒரு விதி சொன்னார். ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது பழுதான கால் முதலில். அப்படி இறங்கினால் உடம்பின் எடையை மேலே நிற்கும் நல்ல கால் தாங்கிக்கொள்ளும்.

"எப்பவும் இப்பிடித்தானா?"

"நல்ல கால முதல்ல கீழ வைக்கலாம் சார். அப்ப பழுதான கால்தான் உங்கள மெதுவா எறக்கணும். கயித்த விட்டுக்கொடுத்துக்கிட்டே வாளிய எறக்கற மாதிரி. இழுக்கறதவிட அதுக்குத்தான் பலம் ஜாஸ்தி வேணும். நீங்க தயாரானதும் உங்களுக்கே தெரியும். அவசரப்படாதீங்க."

விழுந்து பத்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். மேலதிகாரி என்னை நிற்கச் சொல்லிப் பார்த்தார், உட்காரச் சொல்லிப் பார்த்தார், திருப்தியடைந்தார். பிறகு கதவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேல போனதும் ஒரு வேல. சுவத்துல கட்டம் காலியா இருக்கும். பழைய தேதியெல்லாம் போட்டு உன் எழுத்தையும் போட்டுட்டு வந்துடு. யாராவது செக்கிங் வந்தா பதில் சொல்ல முடியாது."

"எனக்குப் பதிலா ஆள் போகலியா சார்?"

"மலைக்கி எவன் போறான்?"

மலையில் முதல் வீடு அலமேலுவுடையது. காய்ச்சலை மறைப்பதில் அந்த ஊரில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. என் பேச்சை அதிகம் கேட்டவளும் அவள்தான். சுவரில் நான் கடைசியாக எழுதிய தேதி இருந்தது. அதற்குக் கீழே பத்துக் கட்டம் வெறும் மண்ணாக இருந்தது.

"யாருமே வர்லியா?"

"யாரு வர்றாங்க? பங்குனில எங்க கொழுந்தன் மவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்துச்சி. மூள வரைக்கும் ஏறிப்போச்சி. டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கனோம். பொழச்சிக்கினா. காதுதான் கேக்கல."

பங்குனி. நான் விரல்விட்டு எண்ணினேன். டாக்டர் சொன்ன மாதிரி மறுநாளே தைத்திருந்தால், மாசியிலேயே இந்த வாசலில் நின்றிருப்பேன். ஒரு சொட்டு ரத்தம், நான்கு மாத்திரை. என் வேலை பிழைக்க நான் சொன்ன பொய், ஆறு மாதம் மலையேறி நடந்து இந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. எலும்பில் ஒன்றும் இல்லாத பொய்.

அலமேலு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கால் எப்பிடிப் போச்சி சாரு?"

"மரத்துல ஏறி எறங்கும்போது வுழுந்தேன். ஆஸ்பத்திரில பாத்ரூமுல வுழுந்தன்னு பொய் சொன்னேன். அதான் இவ்ளோ நாளு."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "நீங்களா? எங்களுக்கெல்லாம் அவ்ளோ பேச்சு பேசுவீங்களே, நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இடது கையின் நடுவிரலைத் துடைத்து என் முன்னால் நீட்டினாள்.

"நேத்திலேர்ந்து குளுரு. குத்திக்கோங்க."

தரையில் உட்கார எனக்கு நேரம் ஆயிற்று. அவள் காத்திருந்தாள். குத்தி, சில்லில் தடவி, மாத்திரை கொடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பென்சிலை எடுத்தேன். பத்துக் கட்டம். பத்து நிமிட வேலை. அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஒரு கட்டத்துக்குள் ஆறு வார மாவுக்கட்டும் அடங்காது. இன்னொன்றில் ஒரு நெல் அளவு அசைவு இருக்கிறது. பங்குனிக் கட்டத்தில் ஒரு பெண்ணின் காது இருக்கிறது. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, பதினோராவதில் அன்றைய தேதியை எழுதி என் எழுத்தைப் போட்டேன். மற்ற வீடுகளிலும் அப்படியே. செக்கிங் வந்தால் வரட்டும். கேட்டால் எப்படி விழுந்தேன் என்பதிலிருந்து சொல்வேன்.

மதியத்துக்கு மேல் இறங்க ஆரம்பித்தேன். முன்பெல்லாம் இந்தச் சரிவில் நான் ஓடியே இறங்குவேன். கால் என்று ஒன்று இருப்பதே நினைவிருக்காது. இப்போது ஒவ்வொரு கல்லும் ஒரு கேள்வி. எந்தக் கால் முதலில், எவ்வளவு ஆழம், கயிறு எவ்வளவு விட வேண்டும். கடைசிக்கு முந்தின பஸ் கீழே வளைவில் திரும்பிப் போனதைப் பார்த்தேன். அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. என் நேரம் பஸ்சின் நேரத்திலிருந்து பிரிந்து ரொம்ப நாளாகிறது.

ஒரு பெரிய கல்லுக்கு வந்தேன். முழங்கால் உயரம், கிட்டத்தட்ட அந்தப் புளியமரத்தின் அளவு. வழக்கப்படி இடது காலை நீட்டினேன். பிறகு திரும்ப எடுத்து மேலே ஊன்றிக்கொண்டேன். தொடையில் கையை வைத்தேன். சதை விரலுக்கு அடியில் இறுகியது. பல் இறுகவில்லை, மூச்சும் இறுகவில்லை.

வலது காலை முதலில் கீழே வைத்தேன்.